இரண்டு கதவுகளுக்கு நடுவே நாற்பது நிமிடம்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். இடது முழங்கால், மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கம், நெஞ்சுக்குள் படபடவென்று அடித்துக்கொள்ளும் அந்த இடம் ஆகியவை நீங்கலாக மற்றதெல்லாம் நலம். உங்கள் நாய் பொட்டலம் முழு நலம். அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நீங்கள், என் மகள், அவளுக்குத் துணையாக லீவு போட்டு வந்திருக்கும் என் மனைவியான உங்கள் அத்தை, இன்னும் இரண்டு மாதத்தில் வரப்போகும் புது ஆள் என எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதம் வீட்டுக்கு வராமல் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருப்பதைப் பார்த்து ஏதோ விபரீதம் என்று பதற வேண்டாம். விபரீதம்தான், ஆனாலும் பதற வேண்டாம். போனில் சொல்லலாம் என்றால், நீங்கள் எடுத்த கையோடு ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். நான் 'மாப்பிள்ளை' என்று வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் அத்தை, "என்ன, நாயைத் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்கிறாள். மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் அதே கேள்வி. நான்காம் முறை எனக்கே சந்தேகம் வந்து, போனை வைத்துவிட்டு, கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்துக்கொண்டேன். ஆகவே இதைத் தனியாகப் படியுங்கள். படித்ததும் சட்டைப் பையில் வைக்காதீர்கள். அங்கே துணி துவைப்பது உங்கள் அத்தை என்று கேள்விப்பட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். ஆள் இல்லாத வீட்டு நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்று இங்கே இருக்கிறது. உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் சேர்க்க மாட்டார்களாம். நான் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்திட்டு உடனே அனுப்பிவைத்தால், நீங்கள் திரும்பி வரும்வரை பொட்டலம் அங்கே ராஜாவாக இருப்பான். என்னால் இனி முடியாது மாப்பிள்ளை.

இதைக் கேட்க நான் இவ்வளவு தயங்கியதற்குக் காரணம் உண்டு. அங்கே வாடகை வீட்டில் நாய் கூடாது என்று சொல்லிப் பொட்டலத்தை ஆறு மாதத்துக்கு என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்களே, அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் பேசி முடித்த பிறகு நீங்கள் போனை அணைக்க மறந்துவிட்டீர்கள். நானும் அணைக்கவில்லை. நான் மறக்கவில்லை, அது வேறு விஷயம். என் மகள் சொன்னது தெளிவாகக் கேட்டது. "அப்பா முதல்ல பொட்டலத்தை ஒழுங்கா பாத்துக்கட்டும். அப்புறம் குழந்தையை அவர்கிட்ட விடறதைப் பத்திப் பேசலாம். அவருக்குத்தான் எதைப் பாத்தாலும் பயமாச்சே!" அவள் சொன்னதில் தப்பில்லை. உங்கள் அத்தைக்கு இன்னும் இரண்டு வருட சர்வீஸ் பாக்கி, நீங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவீர்கள், பகல் முழுக்க அந்தக் குழந்தையோடு இருக்கப்போகிறவன் நான் ஒருவன்தான் என்று ஓய்வு பெற்ற நாளிலிருந்து மனக்கோட்டை கட்டி வைத்திருக்கிறேன். ஜன்னலோரம் இருந்த மேஜையின் நான்கு முனைகளையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கூட வைத்துவிட்டேன்.

நான் கோழை என்று நினைக்காதீர்கள். முப்பத்து நாலு வருடம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தவன். இருபதாவது மாடியில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு, கம்பி வடத்தை விரலால் தடவிப் பார்த்து, எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று சொல்வேன். அங்கே எனக்குக் கால் நடுங்கியதில்லை. ஏனென்றால் அந்த வடம் எத்தனை எடை தாங்கும், எத்தனை பேர் ஏறலாம், கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று எல்லாம் ஒரு பலகையில் எழுதி மாட்டியிருக்கும். நாயின் கழுத்தில் தொங்குகிற தகட்டில் என்ன எழுதியிருக்கிறது? 'செல்லம்' என்று எழுதியிருக்கிறது. அதை நம்பி யார் பக்கத்தில் போவது?

நீங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போன அட்டவணையில், மாலை ஆறு மணிக்கு நாய்ப் பூங்கா, கயிற்றைக் கழற்றி ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும் என்று இருக்கிறது. அதன் கீழே என் மகள் சிவப்பு மையில், 'தினமும் பார்க்கிலிருந்து ஒரு ஃபோட்டோ' என்று எழுதியிருக்கிறாள். முதல் வாரமே பயத்தில் ஒருநாள் வீட்டிலேயே இருந்துகொண்டு முந்தின நாள் ஃபோட்டோவை அனுப்பிப் பார்த்தேன். ஐந்தே நிமிடத்தில், "அப்பா, நேத்து அதே இடத்துல அதே காக்கா உக்காந்திருந்துச்சே" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவள் கண்ணில் மண்ணைத் தூவும் எண்ணத்தை விட்டேன். தினமும் மாலை ஆறு மணிக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்புவேன்.

அந்தப் பூங்காவில் யாருக்கும் பெயர் கிடையாது. நாயை வைத்துத்தான் அழைப்பார்கள். அறுபத்தோரு வயதில் நான் 'பொட்டலத்தோட அப்பா' ஆகியிருக்கிறேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அங்கே எல்லோரும் சொல்லும் ஒரே வாக்கியம்: "ஒண்ணும் பண்ண மாட்டான் சார்." ஜெராக்ஸ் கடைக்காரரின் மின்னல் என்ற நாய், கண்ணுக்கு எதிரே தெரிவதையெல்லாம் பறித்துக்கொண்டு ஓடும். முதல் நாள் என் தொப்பி, இரண்டாம் நாள் கைக்குட்டை, மூன்றாம் நாள் மூக்கின் மேலிருந்த கண்ணாடி. கண்ணாடி அதன் வாயில் இருக்கும்போதே அவர், "ஒண்ணும் பண்ண மாட்டான் சார், விளையாடறான்" என்கிறார். எனக்குக் கண்ணாடி இல்லாமல் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்றே தெரியவில்லை, ஒரு மரத்தைப் பார்த்து, "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். உடற்பயிற்சி சொல்லித்தரும் மாஸ்டர் ஒருவர் கேப்டன் என்று ஒன்றை வைத்திருக்கிறார். அது பொட்டலத்தைப் பார்த்த மாத்திரத்தில் உறுமும், மூலைக்கு விரட்டும், கழுத்துப் பட்டையைக் கவ்வி உலுக்கும். மாஸ்டர் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு பெஞ்சில் கண்மூடி இருப்பார். தோளைத் தொட்டு எழுப்பினால், "அதுங்களே பேசித் தீத்துக்கும் சார்" என்பார். இதுவரை கேப்டன் மட்டும்தான் பேசியிருக்கிறது.

ஆனால் இவையெல்லாம் சில்லறை. பல் டாக்டரம்மாவின் செல்லம் என்ற நாய் இருக்கிறதே, அதை நினைத்தால்தான் என் ஈரக்குலை நடுங்குகிறது. நாயா கன்றுக்குட்டியா என்று முதல் நாள் எனக்கே குழப்பம். தூரத்தில் என்னைக் கண்டதும் தரை அதிர ஓடிவந்து, இரண்டு முன்னங்கால்களையும் என் தோளில் போட்டு, முகத்துக்கு நேரே வாயைத் திறந்து நிற்கும். அந்த வாயில் எத்தனை பல் என்று டாக்டரம்மாவைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த அம்மா அவசரமே இல்லாமல் நடந்துவந்து, "கட்டிப்பிடிக்கறான் சார். உங்களை அவனுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. எல்லார்கிட்டயும் இப்படிப் போக மாட்டான்" என்று எனக்கு ஏதோ பட்டம் கொடுத்ததுபோல் சொல்வார். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. நாய் மேலே நிற்கும்போது நாய்க்காரரிடம் எப்படிக் கோபப்படுவது? "நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை" என்று நாக்கு தானாகச் சொல்கிறது. வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்ட பிறகு சமையலறையில் நின்றுகொண்டு அவர்கள் மூவரையும் சத்தம் போட்டுக் கேட்பேன். பொட்டலம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பான்.

இனி நேற்று, ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அதைச் சொன்னால்தான் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். அந்தப் பூங்காவுக்கு இரண்டு கதவுகள். தெருப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று, நடுவில் நாலடிக்கு நாலடி கம்பிக் கூண்டு. ஒன்றை மூடிய பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் நாய் தெருவுக்குப் பாய்ந்துவிடும். என் வாழ்நாள் முழுக்கப் பார்த்த பழைய லிஃப்ட் கதவுகள் மாதிரியேதான், எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்கள் இரண்டையும் ஒன்றாகத் திறந்துபோட்டுவிட்டு நடுவில் நின்று கதை பேசுவார்கள். போதாக்குறைக்குத் தெருக்கதவின் கொண்டி தேய்ந்துபோய், மாட்டினாலும் தானாக நழுவும். சனிக்கிழமை அப்படி நழுவித்தான் கேப்டன் தெருவுக்கு ஓடி, ஒரு வேன் கிறீச்சிட்டு அரையடியில் நின்றது. மாஸ்டர் அப்போதும் பாட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எனக்கு அன்று தூக்கமே இல்லை. வேனுக்கு முன்னால் நின்ற நாயின் முகம் கண்ணை மூடும்போதெல்லாம் பொட்டலத்தின் முகமாக மாறியது.

ஆகவே ஞாயிறு போகும்போது பரணிலிருந்த என் பழைய பையை எடுத்துக்கொண்டு போனேன். அதில் முத்திரைக் கம்பியும் ஈயக் குண்டும் அழுத்துகிற இடுக்கியும் இருந்தன. எங்கள் வேலையில் லிஃப்ட் கதவு பழுது என்று கண்டால், கம்பியைச் சுற்றி, ஈயத்தை அழுத்தி முத்திரை வைத்துவிடுவோம், சரிசெய்யும்வரை யாரும் திறக்க முடியாது. நான் போய்ச் சேர்ந்தபோது கூண்டுக்குள் நானும் பொட்டலமும், உள்கதவுக்கு அந்தப் பக்கம் செல்லமும் கேப்டனும் மின்னலும் கம்பியில் மூக்கை வைத்துக் காத்திருந்தன. தெருக்கதவை மூடினேன், கொண்டி நழுவியது. மறுபடி மாட்டினேன், மறுபடி நழுவியது. செல்லம் உள்கதவை முன்னங்காலால் தட்ட ஆரம்பித்தது. இது திறந்துகொண்டால் எல்லாமே தெருவில்தான் என்று நினைத்ததும் மூளை நின்றுவிட்டது. ஆனால் கை நிற்கவில்லை. முப்பத்து நாலு வருடம் செய்த வேலையை அது பாட்டுக்குச் செய்தது. கம்பியை எட்டுச் சுற்றுச் சுற்றி, ஈயத்தைக் கோத்து, இடுக்கியால் நறுக்கென்று அழுத்தி, 'ஆச்சு' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு நிமிர்ந்தபோதுதான் நான் கதவுக்கு எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பது உறைத்தது.

வெட்டிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். முத்திரை வைப்பவன் வெட்டுகிற கருவியை வைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் துறையின் முதல் விதி. நான் ஒருநாளும் வைத்திருந்ததில்லை. இந்த நேரம் பார்த்து உள்கதவின் தாழ் எகிறியது. செல்லம் உள்ளே வந்தது. வந்த வேகத்தில் கதவு அதன் பின்னால் மூடிக்கொண்டது. அந்தக் கதவு கூண்டுக்குள்தான் திறக்கும், செல்லத்தின் உடம்பு அதை அடைத்துக்கொண்டு நின்றதால் இனி யாராலும் திறக்க முடியாது. நாலடிக்கு நாலடியில் நான், பொட்டலம், செல்லம். வெளியே ஜெராக்ஸ் கடைக்காரர், "ஒண்ணும் பண்ண மாட்டான் சார், அசையாம நில்லுங்க" என்கிறார். ஒன்றும் பண்ணாது என்றால் நான் ஏன் அசையாமல் நிற்க வேண்டும் மாப்பிள்ளை? டாக்டரம்மா, "செல்லம், உக்காரு! செல்லம், உக்காரு!" என்று கத்துகிறார். செல்லம் அந்தச் சொல்லைப் பிறந்ததிலிருந்து கேட்டதே இல்லை போலிருக்கிறது. கேப்டன் வெளியிலிருந்து குரைக்கக் குரைக்க இதற்கு வெறி ஏறி, எழும்பி என்மேல் பாய்ந்தது.

இப்போது எழுதப்போவதை உங்களைத் தவிர யாருக்கும் சொல்ல மாட்டேன். அது பாய்ந்த நொடியில் நான் குனிந்து பொட்டலத்தைத் தூக்கினேன். கண்களை இறுக்கி மூடிக்கொண்டேன். பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கைகளில் அவனுடைய அடிவயிறு, அது படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நாற்பது நிமிடம் கழித்து மாஸ்டர் வேலி ஏறிக் குதித்து, சைக்கிள் கடையிலிருந்து வெட்டுக்கருவி வாங்கி வந்து கம்பியை அறுத்து என்னை வெளியே எடுத்தார். தெருவில் நின்றுதான் கண்ணைத் திறந்தேன். யார் என்ன பேசினார்கள் என்று ஒன்றும் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் என் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை, உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. நான் அவனை எனக்கு முன்னால் பிடித்திருக்கிறேன் மாப்பிள்ளை. அந்தப் பல் என் முகத்தில் படாமல் இருக்க, என்னை நம்பி நீங்கள் விட்டுப்போன அந்தச் சின்ன உயிரைக் குறுக்கே பிடித்திருக்கிறேன்.

ராத்திரி முழுக்க ஒரே எண்ணம்தான். அந்த நேரம் என் கையில் இருந்தது குழந்தையாக இருந்திருந்தால்? ஆகவே படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். அதோடு, குழந்தைக்குப் பகலில் வேறு நல்ல இடமாகப் பாருங்கள். என் மகளிடம் காரணம் சொல்ல வேண்டாம், அப்பாவுக்கு முழங்கால் வலி என்று சொல்லிவிடுங்கள். நான் விடுமுறை நாளில் வந்து, வேறு யாராவது பக்கத்தில் இருக்கும்போது, சற்று நேரம் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகிறேன். அது போதும்.

மகளைக் கனமான எதையும் தூக்க விடாதீர்கள். அவளுக்கும் வரப்போகிற பிள்ளைக்கும் என் ஆசிகள் எப்போதும் உண்டு. உங்கள் அத்தையிடம், நாய் தொலையவில்லை என்று சொல்லவும். உங்கள் பெற்றோருக்கு எழுதும்போது என் வணக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், யார் வீட்டு நாயும் துரத்தாமல், நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அன்பும் நடுக்கமும் மாறாத
மாமனார்

பின்குறிப்பு: காலையில் எழுதிய இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. கதவுத் துவாரத்தில் பார்த்தால் பல் டாக்டரம்மா, பக்கத்தில் செல்லம். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று சங்கிலியைப் போட்டுக்கொண்டே கதவைத் திறந்தேன். "சார், எங்கம்மா குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு. நான் உடனே போகணும், நாலு நாள் ஆகும். இவனை உங்ககிட்ட விட்டுட்டுப் போகலாமா?" என்றார். அழுத கண். "டாக்டரம்மா, நான் பயந்தாங்கொள்ளி. நேத்து நான் என் நாயைக் குறுக்க பிடிச்சதை நீங்களே பாத்தீங்களே" என்றேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "குறுக்க பிடிச்சீங்களா? யார் சொன்னது? கண்ணை மூடிக்கிட்டிருந்த உங்களுக்கு என்ன தெரியும்? நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இவன் பாஞ்சதும் உங்க நாயைத் தலைக்கு மேல தூக்கிட்டீங்க. முகத்தை இவன்கிட்ட குடுத்துட்டீங்க. இவன் நக்கி நக்கி அலுத்துப்போய் உக்காந்த பிறகும் இறக்கலை. கையை மாத்தி மாத்தித் தூக்கியே வெச்சிருந்தீங்க. இறக்குங்க சார், இறக்குங்க சார்னு நாங்க கத்துனது உங்க காதுலயே விழலை" என்றார். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். "பார்க்ல நாங்க எல்லாருமே ஒண்ணும் ஆகாதுன்னு இருக்கற ஆளுங்க சார். பயப்படற ஆள் நீங்க ஒருத்தர்தான். அதான் உங்ககிட்ட விடறேன்" என்று சொல்லி, நான் சரி என்று சொல்வதற்குள் கயிற்றைச் சங்கிலி இடுக்கு வழியாக என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆக, படிவம் வேண்டாம், கிழித்துவிடுங்கள். கடிதத்தையும் கிழித்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் நான் எவ்வளவு பயந்தேன் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும் என்று அனுப்புகிறேன். பொட்டலம் என் மடியில் இருக்கிறான். செல்லம் என் இரண்டு பாதங்களின் மேலும் தலையை வைத்துத் தூங்குகிறது. காலை எடுத்தால் விழித்துக்கொள்ளுமோ என்று ஒரு மணி நேரமாக அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். என் மகளிடம் முழங்கால் வலி என்று சொல்லாதீர்கள். குழந்தையை என்னிடமே விடச் சொல்லுங்கள். பயப்படுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.